சங்கை விடுங்கள், கையைக் கவனியுங்கள்!

(இளைஞர் அணிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆட்சியாளர்களைச் சாடும்போது மேடைகளில் அடிக்கடி கேட்கிற பழமொழி, 'செவிடன் காதில் ஊதிய சங்கு'. கைதட்டலும் கிடைக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க. அதிகாரத்துக்குக் காது இருக்கு, கேட்க மனசுதான் இல்லை. காது கேளாத தம்பிக்கு மனசு இருக்கு. அவர் கண்ணால கேட்கிறார். அவரை ஏன் அந்த வசவுக்குள்ள இழுக்கணும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைந்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர். இவர்களில் சைகை மொழி பேசும் இளைஞர்கள் பலர், தங்களைக் குறையுள்ளவர்களா பார்க்கிறதில்லை. தனி மொழி கொண்ட ஒரு சமூகமா பார்க்கிறாங்க. அந்த மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. தமிழைக் கையால் காட்டுவதல்ல அது.

மொழிக்காக 1965-ல் மாணவர்கள் தெருவில் இறங்கிய மண் இது. அதனால இந்த வரலாறு நமக்குச் சட்டுனு புரியும். 1880-ல் இத்தாலியின் மிலன் நகரில் கூடிய கல்வி மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சுதான் வேணும்னு தீர்மானம் போட்டது. பல நாட்டுப் பிள்ளைகளின் மொழி வகுப்பறைக்கு வெளியே தள்ளப்பட்டது. 2010-ல் வான்கூவரில் கூடிய மாநாடுதான் அதை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள்!

1988 மார்ச். வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகம். தலைவர் பதவிக்கான இறுதிப் பட்டியலில் காது கேளாதவர்கள் இரண்டு பேர் இருந்தும், கேட்கும் திறனுள்ளவரையே நிர்வாகக் குழு தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் வாயிற்கதவுகளை மூடினாங்க. நாடாளுமன்றக் கட்டடம் நோக்கி ஊர்வலம் போனாங்க. ஒரே வாரத்தில் ஐ. கிங் ஜோர்டன், அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் காது கேளாத தலைவர் ஆனார். 1864-ல் தொடங்கிய நிறுவனம் அது!

நம்ம நாட்டுக்கு வருவோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தேர்தல் தொடர்பான தகவல்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு எளிதில் புரியணும்னு சொல்லுது. அந்தப் பொறுப்பு தேர்தல் ஆணையங்களுக்கு. கட்சிகளை யார் கேட்பது? நாமதான் கேட்கணும்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க வழி செய்யும் சட்டமுன்வடிவுகள் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறின. நல்லது. ஆனா அப்படி வருகிற உறுப்பினர் காது கேளாதவர் என்றால்? சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாத மன்றத்தில் அவருக்கு நாற்காலி மட்டும்தான் கிடைக்கும். விவாதம் கிடைக்காது.

அதனால மூன்று வேண்டுகோள்:

✅ மாவட்டக் கூட்டம் எதுவானாலும் மேடையில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர். அவர் மேல் வெளிச்சம் விழணும்.

✅ தேர்தல் அறிக்கை சைகை மொழிக் காணொளியாகவும் வரணும். எழுத்து மட்டும் போட்டா போதாது. சைகை மொழியிலேயே வளர்ந்த பலருக்குத் தமிழ் எழுத்து இரண்டாவது மொழி.

✅ உங்க வார்டில் உள்ள காது கேளாத இளைஞர்களைச் சந்தியுங்க. வாக்கு கேட்க மட்டும் போகாதீங்க. பொறுப்பு கொடுக்கப் போங்க. அவங்களுக்காக நாம பேசுறது அரசியல் இல்லை. அவங்களே பேசும் இடத்தை உருவாக்குறதுதான் அரசியல்.

இப்போ யாரும் கைதட்ட வேண்டாம். இரண்டு கையையும் உயரத் தூக்கி அசையுங்க. சைகை மொழியில் அதுதான் கைதட்டல். இன்னைக்கு அதை நாம கத்துக்குவோம்!



#சைகைமொழி #சமவாய்ப்பு