ஆவணப்படமும் நம் மக்கள் வாழ்வும்

(கயத்தாற்றில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சமூகத்தின் வரலாற்றைப் படமாக எடுத்து வைத்தல் வேண்டும் என்று செயற்குழுவினர் தீர்மானித்துள்ளனர். அதுபற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். படத்திற்கென வகுத்த திட்டத்தையும் காட்டினார்கள். அதன்கண் குலதெய்வக் கோயிற்கொடை உண்டு. கலியாண மண்டபத் திறப்பு விழா உண்டு. நன்கொடையாளர்தம் திருவுருவங்கள் உண்டு. முன்னாள் தலைவர்கட்கு மாலை சூட்டுங் காட்சிகள் உண்டு. இவை வேண்டா என்று யாம் கூறவில்லை. கொடுத்தோர் பெயரைக் கல்லில் வெட்டுதல் நம் நாட்டுப் பழைய வழக்கமே. ஆயினும், கரிசலை உழுதவரும், பருத்தி எடுத்தவரும், தீப்பெட்டியாபீசில் குச்சி அடைத்தவரும் இத்திட்டத்தில் யாண்டு உளர் என்று தேடிப் பார்த்தோம். கோயிற்கொடையிற் கூட்டத்தோடு கூட்டமாக ஒருமுறை தலைகாட்டுதலன்றி அவர்க்கு வேறிடம் இல்லை. நம்முள் மிகப் பெரும்பாலோர் அவர்களும் அவர்தம் மக்களுமே அல்லரோ?

நாம் கூடியிருக்கும் இவ்வூரையே எடுத்துக்கொள்வோம். 1799ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மனைக் கும்பினியார் இங்கே தூக்கிலிட்டனர். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த கதைப்படத்தில் அவ்வேடந் தாங்கிய சிவாஜி கணேசன் அவர்கள், 1970ஆம் ஆண்டில் இவ்வூரில் நிலம் வாங்கிச் சிலையும் எழுப்பினார். அதன் முன் நிற்கும்போது மன்னனைக் காண்கின்றோமோ நடிகரைக் காண்கின்றோமோ என்று ஐயுறுவார் உளர். அஃது அக்கலைஞரின் திறத்திற்குச் சான்றேயன்றிக் குறையன்று. ஆனால் இதற்கெல்லாம் முன்னரே இங்கு வேறொரு நினைவுச்சின்னம் இருந்தது. மன்னன் மாண்ட இடத்தில் வழிச்செல்வோர் ஒவ்வொருவரும் ஒரு கல் இட்டுச் சென்றமையாற் பெரியதொரு கற்குவியல் எழுந்திருந்தது. அக்கல்லை இட்டவர் யாவர்? வண்டியோட்டியா, கீதாரியா, சந்தைக்குக் கூடை சுமந்த பெண்ணா? இடும்போது வாய்க்குள் என்ன சொன்னார்? மன்னனுக்குப் படமுண்டு, சிலையுண்டு. கல்லிட்ட கைக்கு ஒன்றுமில்லை. அக்கையைக் காட்டுதற்கென்றே ஏற்பட்டதொரு கலை இன்றுள்ளது. அதனை ஆவணப்படம் என்பர்.

கதைப்படத்தில் வேடம் புனைந்தோர் நடிப்பர். ஆவணப்படத்தில் உள்ளபடி வாழ்வோரே தோன்றுவர். இக்கலை புதிதன்று, சலனப்படம் பிறந்த அன்றே இதுவும் பிறந்தது. 1895ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு லூமியேர் சகோதரர் பாரிசு மாநகரில் முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் காட்டிய படங்களுள் ஒன்று, லியோன் நகரில் அவர்தம் தொழிற்சாலையினின்று தொழிலாளர் வெளியேறுங் காட்சியே. அரசரும் இல்லை, அரம்பையரும் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண்களும் பெண்களுமே திரையின் முதல் மாந்தர். நம் நாட்டிலும் 1899ஆம் ஆண்டில் பம்பாயில் பாட்வடேகர் என்பார் ஒரு மல்யுத்தத்தைப் படம்பிடித்தார். விடுதலைக்குப்பின் 1948ஆம் ஆண்டில் அரசினர் திரைப்படப் பிரிவு ஒன்றினை நிறுவினர். அப்பிரிவின் படங்களைக் கொட்டகைகளிற் கதைப்படத்திற்கு முன் கட்டாயமாகக் காட்டினர். அந்நேரத்தில் முறுக்கு வாங்கப் போனவர்கள் இவ்வவையிலும் சிலர் இருத்தல் கூடும்!

கதைப்படத்திற்கும் ஆவணப்படத்திற்கும் உள்ள வேற்றுமையைக் கோவில்பட்டியாருக்கு விளக்குதல் எளிது. காருகுறிச்சி அருணாசலம் அவர்கள் கோவில்பட்டியிற் குடியிருந்த நாகசுர மேதை. 1962ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் அவருடைய நாகசுரத்தைக் கேட்டு உருகாதார் இலர். ஆனால் திரையிற் காண்பது யாரை? ஜெமினி கணேசனை. ஒலி காருகுறிச்சியாருடையது, உருவம் நடிகருடையது. இரண்டாண்டுகளில், 1964இல், அம்மேதை மறைந்தார். சீவாளியை அவர் உதட்டிற் பொருத்திய விதமும், துளைகளின்மேல் விரல்கள் ஓடிய விதமும், தவிற்காரரை நோக்கி அவர் தலையசைத்த விதமும் நேரிற் கண்டவர் நினைவிலே நின்றன. அவரும் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். மாறாக, பரதக்கலையரசி பாலசரசுவதி அவர்களை வங்கத்துச் சத்தியஜித் ராய் 1976ஆம் ஆண்டில் ‘பாலா’ என்னும் ஆவணப்படமாக எடுத்தார். கடற்கரையில் அவ்வம்மையார் ஆடுவதை இன்று பிறக்கும் குழந்தையும் நாளை காணலாம்.

“இஃது ஏராளமாகப் பொருளும் பெரியோர் துணையும் உடையார் செய்யும் காரியம், நம்மால் ஆமோ?” என்பீர்கள். அதற்கு ஒருவர் வரலாற்றைச் சற்று விரித்துக் கூற விழைகின்றோம். அவர் நம்போல் ஒரு சமூகத்தின் இதழுக்குத் தொண்டாற்றியவர் என்பதும் ஒரு காரணம். கோட்டையூரில் 1911ஆம் ஆண்டிற் பிறந்த ஏ. கே. செட்டியார், பர்மாவில் நகரத்தாருக்கென வெளிவந்த ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தவர். பின்னர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை பயின்றார். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, நியூயார்க்கினின்று அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில், அடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. அப்பொழுது அவருக்கு அகவை 26 நிரம்பவில்லை. நாடோ அயலார் ஆட்சியில். அடிகளைப் படம்பிடித்தாரோ பல நாடுகளிற் சிதறிக் கிடந்தனர். செட்டியார் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணஞ் செய்தார். ஏறத்தாழ 50,000 அடிப் படச்சுருளைத் தேடித் திரட்டினார். அதினின்று ஆய்ந்தெடுத்து 12,000 அடியாக அமைத்தார். 1940ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அப்படம் சென்னையில் வெளிவந்தது. அதற்குத் தமிழில் உரை அமைந்திருந்தது என்பதை யாம் அழுத்திச் சொல்கின்றோம். உலகம் போற்றும் ஒருவரைப் பற்றிய முழுநீள ஆவணப்படம் முதலிற் பேசியது தமிழ் மொழியே.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததன் கதி யாதாயிற்று? பின்னாளில் ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் ஊர் ஊராகத் தேடியும் அத்தமிழ்ப்படம் அகப்படவில்லை. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கிய ஆங்கில வடிவமே, அதுவும் அமெரிக்காவிலே, கிடைத்தது. சங்க நூல்களின் ஏடுகள் கறையானுக்கு இரையானமை குறித்து மேடைதோறும் கண்ணீர் வடிக்கின்றோம். அவையாவது பல நூறு ஆண்டுப் பழமையுடையன. இஃது எழுபது ஆண்டுகளுக்குள் நேர்ந்தது. நம் சங்கத்தார் எடுக்கப்போகும் படத்திற்கும், ஒருவர் கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால், இக்கதி நேர ஏழு ஆண்டுகளே போதும்.

இனி, நம் வட்டாரத்துக்கு வருவோம். கோவில்பட்டிச் சாலையில் உள்ள இடைசெவலை அறியாதார் நம்முள் இலர். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்னும் இருவரையும் 1923ஆம் ஆண்டிலே ஈன்ற சிற்றூர் அது. அவ்வூர்ப் பெயராலேயே கி. ரா. அவர்களைப் பற்றிப் புதுவை இளவேனில் ஓர் ஆவணப்படம் எடுத்துள்ளார். கி. ரா. 2021ஆம் ஆண்டில் மறைந்தார். கரிசல் மண்ணின் பேச்சொலியோடு அவர் உருவம் எஞ்சியுள்ளது. இது மகிழ்ச்சிக்குரியது.

மகிழ்ச்சி தாராத படமும் ஒன்றுண்டு. அதனையும் கூறாது விடின் யாம் இங்கு வந்ததிற் பயனில்லை. 1990ஆம் ஆண்டிற் சலம் பென்னூர்கர் என்னும் கன்னட நாட்டார் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற படத்தை எடுத்தார். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழன்ற சிறுவர் சிறுமியரைப் பற்றியது அது. 1922ஆம் ஆண்டில் இரு இளைஞர் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து, வானம் பொய்த்த இவ்வறண்ட நாட்டிற் பல்லாயிரவர்க்குக் கஞ்சி வார்த்த பெருமையை யாவரும் பேசுகின்றோம், பேசத்தக்கதே. விடியுமுன் ஊர்தோறும் வந்து, தூக்கம் தெளியாத பிள்ளைகளை ஏற்றிச்சென்ற பேருந்தைப் பற்றி யார் பேசுகின்றோம்? இவ்வவையில் அமர்ந்துள்ள தாய்மார் பலர் அப்பேருந்திற் சென்றவர்களே. கட்டை அடுக்கியவர், பெட்டி ஒட்டியவர், குச்சி அடைத்தவர், லேபிள் ஒட்டியவர், எத்தனைபேர்! அவ்வேலையைக் கொடுத்தவர்களிலும் நம்மவர் உண்டு.

“நம் வீட்டு அழுக்கை வெளியூரான் வந்து சந்தியில் விரித்துக் காட்டினான்” என்று அப்படத்தின் பெயரைக் கேட்டு முகஞ்சுளிப்போர் இன்றும் உளர். அவர்களை யாம் ஒன்று கேட்கின்றோம். அழுக்கு வெளியூரானுடையதா? நம்முள் ஒருவர் அதனை முன்னரே எடுத்துக் கூறியிருப்பின் அவன் வரவேண்டிய தேவை யாது? 1986ஆம் ஆண்டிலேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள், சிவகாசியை முன்னிட்டுத் தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்துதல் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு படத்தால் இவையெல்லாம் நிகழ்ந்தன என்று கூறுதல் மிகை. ஆயினும், கண்ணாற் கண்டதை இல்லையென்று மறுத்தல் எவர்க்கும் அரிது; அவ்வளவே அப்படத்தின் வலிமை.

இங்கிருந்து ஒரு மணி வழியில் உள்ள திருநெல்வேலியில் 1999ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள், மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்க்காக ஊர்வலம் வந்தோர் காவலர் தடியடிக்கு அஞ்சித் தாமிரவருணியில் இறங்கிப் பதினெழுவர் மாண்டனர். அதனைக் காஞ்சனை சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என ஆவணப்படமாக்கினார். மதுரை அமுதன் 2003ஆம் ஆண்டில் எடுத்த படமொன்று, தெருவில் மலம் அள்ளும் ஓர் அம்மையாரின் ஒருநாள் வேலையைக் காட்டுவது. அதன் தலைப்பு ஓரெழுத்து. நன்னூலார் சிறப்பித்தெண்ணிய 42 ஓரெழுத்தொருமொழிகளுள் அச்சொல்லுக்கு இடமில்லை. அவையிற் கூறத்தகாததை மறைத்துக் கூறுதலை இடக்கரடக்கல் என்று நாம் மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். சொல்லை மறைத்தல் நாகரிகம்தான். ஆனால் அதனை நாள்தோறும் அள்ளுகின்றவரையும் சேர்த்து மறைத்துவிட்டோம் என்பது அத்தலைப்பைக் கேட்டபோது எமக்கு விளங்கிற்று. இவ்விரு படங்களிலும் வருவோர் நம் சமூகத்தார் அல்லர் என்று சிலர் எண்ணலாம். நம்மவர் துயரைப் பிறர் காணல் வேண்டும் என விரும்பும் நாம், பிறர் துயரைக் காணக் கண்மூடுதல் எவ்வாறு முறையாகும்? சங்க மண்டபத்தில் அவற்றையும் ஒருநாள் திரையிடுமாறு செயற்குழுவினரை வேண்டுகின்றோம்.

நம் படம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது பற்றி எம் கருத்தைச் சொல்லி முடிக்கின்றோம். நன்கொடையாளர் படங்கள் தொடக்கத்திற் சிறிது நேரம் வரட்டும். பின்னர்க் கருவி, நம் பாட்டிமார் கைகளை நோக்கித் திரும்பட்டும். இன்று தீப்பெட்டித் தொழிலிற் பெரும்பகுதி இயந்திரத்தின்பாற் சென்றுவிட்டது. எம்மிடம் பயிலும் பிள்ளைகளைக் கட்டை அடுக்குதல் என்றால் என்னவென்று கேட்டோம். விறகு அடுக்குதல் என்றனர்! அவர்களைப் பெற்றவர்களோ சிறுவயதில் அவ்வேலையிலே விரல் தேய்ந்தவர்கள். சட்டத்தின் ஒவ்வொரு வரியிலும் குச்சியைப் பரப்பி விரலால் ஒதுக்கும் வேகத்தை ஏட்டில் எழுதிக் காட்டுதல் இயலாது. ஒருவர் செய்து காட்ட, ஒருவர் படம்பிடித்தல் வேண்டும். அவ்வாறே கமலை இறைத்த முதியவர் இன்னும் இருக்கின்றனர். மாட்டை முன்னும் பின்னும் ஓட்டிய ஓசையோடு அவர் பாடியதையும் பதிந்துகொள்ளலாம். மழையில்லாத ஆண்டில் எதை உண்டார்கள், எந்த நகையை எந்த ஊரில் அடகு வைத்தார்கள், கம்மாயில் தண்ணீர் வந்த அன்று என்ன செய்தார்கள் என்று கேட்டால், பெண்கள் சொல்லும் விடை எந்த மலரிலும் அச்சேறாதது. ஆண்களைக் கேட்டால் அரசியல் பேசுவார்கள். இஃது எம் அனுபவம், சினங்கொள்ளல் வேண்டா.

பேசுவோர் கூறுவதை நமக்கு இனிதாகும்படி திருத்துதல் கூடாது. முதலாளி நம் சங்கத்தவராயினும், கூலியைக் குறைத்தான் என்று ஒரு மூதாட்டி கூறின், அச்சொல் படத்தில் நிற்றல் வேண்டும். பெயரை வேண்டுமானால் விடலாம். தம் முகத்தைக் காட்ட விரும்பாதாரை வற்புறுத்தலும் ஆகாது. எடுத்ததைத் திரையிடுமுன் அவர்க்கே முதலிற் காட்டி இசைவு பெறல் முறை. முடிந்த படத்தை மூன்று படிகளாக்கி, ஒன்று சங்கத்திலும், ஒன்று வெளியூரில் ஒரு நூலகத்திலும், ஒன்று இளைஞர் ஒருவர் பொறுப்பிலும் இருத்தல் நன்று.

எழுபது அகவை கடந்தோர் பெயரையும் அவர் செய்த தொழிலையும் தெருவாரியாக எழுதித் தருமாறு இளைஞர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். கோடைக்கு முன்னர்த் தொடங்குதல் வேண்டும்; சென்ற கோடையில் மட்டும் எம் தெருவில் மூவர் போய்விட்டனர், மூவரும் தீப்பெட்டியாபீசில் வேலை செய்தவர்கள்.