555 நோட்டும் இ-இன்வாய்ஸும்

 

1996இல் நம் நாடு மல்டிமீடியா பெருவழித் திட்டத்தைத் தொடங்கியபோது, சைபர்ஜெயா நமக்கு வெறும் செய்திதான். 2021 பிப்ரவரியில் மைடிஜிட்டல் திட்டம் வந்தது. 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 22.6 விழுக்காடு டிஜிட்டல் பொருளாதாரத்திலிருந்து வரவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். இன்று அது பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் கல்லாப்பெட்டிக்கே வந்துவிட்டது. கல்லா மேசையில் டூயிட்நவ் கியூஆர் அட்டை நிற்கிறது. ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களில் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிய இ-இன்வாய்ஸ், படிப்படியாகச் சிறிய வியாபாரிகள் பக்கம் இறங்கியிருக்கிறது.

நம் பெரியவர்கள் 555 நோட்டில் கடன் எழுதி வியாபாரத்தை வளர்த்தவர்கள். தவணைக் கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதும் இடம்தான் இப்போது மாறுகிறது. வங்கியில் கடன் கேட்கப் போனால் 555 நோட்டு செல்லாது; முறையாகப் பதிந்த கணக்குதான் பேசும்.

“இந்த வயதில் போனெல்லாம் நமக்கெதற்கு” என்று எந்தப் பெரியவரும் கடையை மூடிவிடக் கூடாது. அதற்காக இளைய வியாபாரிகள் நாங்கள் ஒன்று கேட்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு சங்க மண்டபத்தைத் திறந்து கொடுங்கள். போனில் கணக்குப் பதிய நாங்கள் சொல்லித் தருகிறோம். ஆளைப் பார்த்துக் கடன் கொடுக்கும் பக்குவத்தை நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்.