மூன்றாம் நாள் ரொட்டி
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தசலட்சண பர்வம் நிறைவுற்றுச் சில கிழமைகளில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர்ப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் சுவர் கசியும். கொடியிலிட்ட துணி உலராது. அந்நாள்களில் அடுக்களையில் விரைந்து கெடும் பொருள்களுள் ஒன்று ரொட்டி. திங்களன்று வாங்கிய பொட்டலத்தில் புதன்கிழமை காலை ஒரு பச்சைப் புள்ளி தென்படும். பிள்ளை பள்ளிக்குப் புறப்பட நேரமாகிவிட்டது. புள்ளியைக் கிள்ளியெறிந்துவிட்டு எஞ்சியதைத் தோசைக்கல்லில் வாட்டிக் கொடுத்துவிடலாமா?

ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைப்பது என்பதால் ரொட்டியையே விலக்கிய இல்லங்கள் தமிழ்ச் சமணரிடையே உண்டு. அவர்தம் நெறி போற்றற்குரியது. அவர்களுக்கு இவ்வினா எழாது. ஆயினும் கணவனும் மனைவியும் காலை ஏழு மணிக்கு மின்தொடர் வண்டி பிடிக்க ஓடும் இல்லங்களில் ரொட்டி நுழைந்து நெடுநாளாயிற்று. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

சூளையிலிருந்து வெளிவரும் ரொட்டியில் பூசணம் இல்லை. அந்த வெப்பத்தில் பூசண வித்துகள் அழிந்துவிடுகின்றன. ரொட்டி ஆறும்போதும், கத்தியால் துண்டு போடும்போதும், உறையிலிடும்போதும்தான் காற்றில் மிதக்கும் கண்ணுக்குப் புலனாகா வித்துகள் அதன்மேல் படிகின்றன. ரொட்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர். சூடு ஆறுமுன் உறையை மூடினால் ஆவி உள்ளேயே வியர்த்து நிற்கும். ஈரமும் மாவும் 25 முதல் 30 பாகை வெப்பமும் ஒருங்கே அமைந்தால் வித்து முளைவிடும். சென்னையின் மழைக்காலம் இம்மூன்றையும் குறைவின்றித் தருகிறது.

பச்சையும் கருமையுமாகக் கண்ணுக்குத் தெரிவது பூசணத்தின் தொடக்கமன்று. நிறமற்ற நூலிழைகள் ரொட்டியின் துளைகளூடே பரவி, மேலே வந்து புதிய வித்துகளை ஈன்றபின்னரே நிறம் தோன்றும். ஆகவே புள்ளியைக் கிள்ளினால் இழைகள் உள்ளேயே தங்கிவிடும். சில பூசணங்கள் உண்டாக்கும் நச்சுப் பொருள் தோசைக்கல்லின் சூட்டுக்கும் அழியாது. முகர்ந்து பார்த்து முடிவு செய்வதும் தீது. வித்துகள் மூச்சோடு உட்செல்லும். இளைப்பு நோயுள்ளோர்க்கு அது பெருந்துன்பம். பூசணத்திலிருந்துதானே பெனிசிலின் கிடைத்தது என்று வாதிடுவோர் உண்டு. 1928இல் ஃபிளெமிங் கண்டது ஒரு குறிப்பிட்ட பூசணத்தின் இயல்பை. காலைச் சிற்றுண்டியின்மேல் படர்ந்த பூசணம் எவ்வினத்தது என்பதைச் சமையலறையில் யார் சோதிப்பது?

மருத்துவம் இவ்வளவில் நிற்கும். சமண ஆசாரத்திற்கு இன்னொரு கவலை உண்டு. ஓருடலைப் பற்றி எண்ணிறந்த உயிர்கள் ஒருங்கே வாழும் சாதாரண வனஸ்பதி வகையுள் பூசணத்தை வைத்தெண்ணுவது சமண மரபு. இன்றைய அறிவியல் பூசணத்தைத் தாவரத்தினின்றும் பிரித்துத் தனியினமாக்குகிறது. அது உயிர் என்பதில் இரண்டிற்கும் வேறுபாடில்லை. பயன் சிறிதும் உயிர்க்கேடு பெரிதுமானவற்றை விலக்குக என்று சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்கு வகுத்தார். அரைத்த மாவுக்குப் பனிக்காலத்தில் 7 நாள், கோடையில் 5 நாள், மழைக்காலத்தில் 3 நாள் என்று திகம்பர மரபு வரம்பு கட்டியதும் இக்கருத்தினாலேயே. நுண்ணோக்காடி இல்லாத காலத்தில், ஈரம் மிகுந்தால் வரம்பு குறையவேண்டும் என்று கண்டுணர்ந்த நுட்பம் வியக்கத்தக்கது. மாவுக்கே மழைக்காலத்தில் மூன்று நாள் என்றால், நீர் மிகுந்த ரொட்டிக்கு எத்தனை நாள் என்பதை இல்லத்தரசியரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எனவே, தோன்றிய பூசணத்தை அழிப்பதன்று, அது தோன்றாமற் காப்பதே செய்யத்தக்கது. இரண்டு நாளில் தீரும் சிறு பொட்டலமே வாங்குக. பெரிய பொட்டலம் மலிவு என்பது பாதியை எறியும்போது பொய்யாகிறது. ஈரக்கையால் துண்டெடுத்தலாகாது. குடிநீர்ப் பானையருகிலும், அடுப்பின் ஆவி படும் இடத்திலும், குளிர்ப்பெட்டியின் தலைமேலும் வைத்தலாகாது. பலர் வைப்பது அங்கேதான். ரொட்டி வைக்கும் டப்பாவைக் கழுவி வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே பயன்படுத்துக.

குளிர்ப்பெட்டியின் உள்தட்டில் வைத்தால் பூசணம் தாமதமாகும். ஆனால் மாச்சத்து இறுகி ரொட்டி வறட்டுத் தன்மை அடையும். இறுகிய ரொட்டி கெட்ட ரொட்டியன்று. கல்லில் வாட்டினால் ஓரளவு மென்மை மீளும். உறைபெட்டியிலோ இரண்டு மாற்றமும் ஏறத்தாழ நின்றுவிடும். ஒரு வேளைக்கு வேண்டிய துண்டுகளைத் தனித்தனியே காற்றுப் புகாமல் சுற்றி வைத்து, எடுத்தவுடன் கல்லிலிடலாம். உறைபெட்டி ஆசாரத்தின் கால வரம்பை நீட்டாது என்று கொள்வோர் அன்றன்று வேண்டியதை மட்டும் வாங்குவதே தகும்.

2015ஆம் ஆண்டு வெள்ளத்தை இப்பகுதியினர் மறந்திரார். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் நின்றன. அன்று உதவிக்கு வந்தோர் கொணர்ந்த பொட்டலங்களில் ரொட்டியும் இருந்தது. அடுப்பு வேண்டாத உணவு. பசித்தவர்க்கு அது அமுதம். இனி அத்தகைய உதவிக்குச் செல்லும் சமண இளைஞர் ஒன்றை நினைவிற்கொள்க: ஈரம் சூழ்ந்த வீட்டில் ரொட்டியைக் குவித்து வைக்க இயலாது. அவல், பொரி, வறுத்த கடலை ஆகியவற்றை உடன் கொண்டு செல்வது நலம்.

காப்பை மீறிப் பூசணம் பிடித்துவிட்டால் என் செய்வது? காக்கைக்கும் நாய்க்கும் தெருப் பசுவுக்கும் இடுதல் தானமாகாது. மனிதர்க்கு நஞ்சாவது அவற்றுக்கும் நஞ்சாகும். கொதிநீர் ஊற்றுவதும் வெயிலில் காயவிடுவதும் வேண்டா. கழிப்பனவற்றை உயிர்க்கு ஊறின்றிக் கழிக்கும் உத்சர்க்க சமிதி துறவியர்க்கு உரியது எனினும், இல்லறத்தாரும் இயன்ற அளவு அதைக் கைக்கொள்ளலாம். மண்ணுள்ள வீடாயின் கால்படாத நிழல் மூலையில், விலங்குகள் எட்டாதவாறு, குலுக்காமல் இட்டுவிடுக. அடுக்குமாடியில் வாழ்வோர் காகிதத்தில் மடித்து மக்கும் குப்பையோடு சேர்க்கலாம். பிளாஸ்டிக் உறையைத் தனியே பிரித்துவிடுக; ரொட்டி மணத்துக்கு உறையையும் சேர்த்து விழுங்கும் பசுக்கள் தெருவில் நிற்கின்றன.