குடவோலையும் கொள்ளைநோயும்

(திங்கட்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் தலைப்பில் பத்துக் குறட்பாக்களை யாத்தார். அவற்றுள் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டினார். நோயுற்றவன் ஒரு கூறு. நோய் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிருந்து அம்மருந்தை ஊட்டிக் காப்பவன் ஒரு கூறு. இந்நான்கனுள் ஒன்று பழுதுறினும் மருத்துவம் முடமாகும். கொரோனா என மக்கள் வழங்கும் மகுடை நச்சுயிரி 2020-ஆம் ஆண்டில் உலகைக் கவ்வியபோது, இந்நான்கு கூறுகளின் வலிமையும் மெலிவும் ஒருங்கே வெளிப்பட்டன. அக்கொள்ளைநோயில் மாந்த அறிவு பெற்ற வெற்றி எது, தோல்வி எது, அவ்விரண்டினின்றும் தமிழர் கற்கவேண்டிய பாடம் எது என்பதே இன்றைய உரையின் பொருள்.

மூச்சுநோய்க்கு மருந்து காண்பது எளிதன்று. எது மருந்து, எது மருந்தன்று எனப் பிரித்தறிவதோ அதனினும் அரிது. மகுடை நோயுற்றோருள் மிகப் பலர் தாமே நலம் பெற்றனர். தானே நலம் பெறவிருந்த ஒருவன் ஏதேனும் ஒரு குடிநீரையோ குளிகையையோ உட்கொண்டால், அதுவே தன்னைக் காத்தது என ஊரெங்கும் உரைப்பான். உட்கொண்டும் இறந்தவனோ எழுந்துவந்து உரைப்பதில்லை! மருத்துவரும் மாந்தரே. உடல் வலிமை மிக்கார்க்குப் புதுமருந்தைக் கொடுத்து, அவர் பிழைத்தபின் மருந்தைப் போற்றுதல் அவர்க்கும் இயல்பு. இம்மயக்கத்தை அறுப்பது எங்ஙனம்?

அறுக்கும் வழி ஒன்றின் அடிப்படையைத் தமிழர் நன்கறிவர். உத்தரமேரூரில் முதற் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919-ஆம் ஆண்டையும் 921-ஆம் ஆண்டையும் சார்ந்த அவை, ஊரவையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. தகுதியுடையார் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்வர். எடுக்கும் கைக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. செல்வன் என்றோ உறவினன் என்றோ அக்கை அறியாது. அந்த அறியாமையே அம்முறையின் நேர்மை.

இக்கால மருந்தாய்வின் உயிர்நிலையும் இத்தகைய குலுக்கலே. ஒரு மருந்து பயன் தருமா என்று அறியவேண்டின், உடன்பட்ட நோயாளர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்குவர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவம். மற்றொரு பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவத்தோடு புதுமருந்து. பிரிப்பது மருத்துவர் விருப்பமன்று, குலுக்கலே. ஆதலால், முதியோரும் இளையோரும், வலியோரும் மெலியோரும் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒத்து அமைவர். எண்ணிக்கை பெரிதாயின் இவ்வொப்புமை இன்னும் உறுதிப்படும். அதன்பின் இறப்பில் தோன்றும் வேறுபாடு மருந்தின் வேறுபாடே. மேலைநாட்டார் இதனைத் தமிழரிடம் கற்றனர் என்று முழங்குவது பொய்; பொய் தமிழுக்கு அணியன்று. ஆயினும், குடவோலை கண்ட இனத்துக்கு இம்முறையின் நேர்மை எளிதில் விளங்கவேண்டும் என்பது மெய்.

இம்முறை வேரூன்றியதே நுரையீரல் நோயில்தான். எலும்புருக்கி நோய்க்கு இசுட்ரெப்டோமைசின் என்னும் மருந்து கண்டறியப்பட்ட காலத்தில், இங்கிலாந்தில் அது போதிய அளவு கிட்டவில்லை. கிடைத்த சிறிதளவை யார்க்குக் கொடுப்பது? ஆசுட்டின் பிராடுபோர்டு ஃகில் என்னும் புள்ளியியல் அறிஞர் குலுக்கல் முறையை வகுத்தார். 107 நோயாளர், அவருள் 55 பேர்க்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேர்க்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு திங்களில் மருந்துண்ட பிரிவில் நால்வர் இறந்தனர். மற்றப் பிரிவில் 14 பேர் இறந்தனர். 1948-இல் வெளிவந்த அவ்வாய்வறிக்கை மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்பம்.

அடுத்த திருப்பம் எங்கே நிகழ்ந்தது? சென்னையில்! 1956-ஆம் ஆண்டில் சேத்துப்பட்டில் எலும்புருக்கிநோய் மருந்தாய்வு நடுவம் தோன்றியது. அந்நோயாளியை மலைக்காற்றும் ஓய்வும் நல்லுணவும் உடைய நலமனையில் பன்னாள் வைத்திருந்தாலன்றி நோய் தீராது என்பது அக்காலத்து உறுதியான கொள்கை. குடிசைவாழ் ஏழைக்கு அவ்வாய்ப்பு ஏது? வாலேசு பாக்சு என்னும் மருத்துவர் வழிநடத்திய அவ்வாய்வில், சென்னையின் ஏழை நோயாளர் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நலமனையில் தங்கினர். மறு பிரிவினர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தனர். இருவர்க்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்து. நலமனையில் உணவு மிகுதி, ஓய்வு மிகுதி; ஆயினும், வீட்டிலிருந்தோர் பெற்ற நலம் ஏறக்குறைய அதற்கு இணையாகவே நின்றது. அவர்தம் வீட்டாரிடையே நோய் மிகுந்து பரவவும் இல்லை. 1959-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்த இவ்வுண்மை, உலகெங்கும் அந்நோய்க்குரிய மருத்துவத்தை நலமனையினின்று வீட்டுக்குக் கொண்டுவந்தது. சென்னைக் குடிசைகளிலிருந்து உலகம் கற்ற பாடம் அது! அதனைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

இனி 2020-க்கு வருவோம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பீட்டர் ஓர்பி, மார்ட்டின் இலாண்ட்ரே ஆகியோர் தலைமையில் ‘ரிக்கவரி’ என்னும் பேராய்வு தொடங்கிற்று. ‘மீட்சி’ என்பது அப்பெயரின் பொருள். இங்கிலாந்து உள்ளிட்ட பிரித்தானிய நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவும் அதில் இணைந்தன. அலுத்துக் களைத்த மருத்துவரும் செவிலியரும் ஈடுபடும் வண்ணம் அதன் நடைமுறைகள் மிக எளிமையாக்கப்பட்டன.

2020 சூன் 16-ஆம் நாள் அதன் முதற் பெருவெற்றி அறிவிக்கப்பட்டது. தெக்சாமெத்தாசோன் என்பது இசுடீராய்டு வகையைச் சார்ந்த பழைய மருந்து; அழற்சியைத் தணிப்பது; விலை மலிந்தது. அது 2,104 பேர்க்கு வழங்கப்பட்டது. 4,321 பேர் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றனர். மூச்சுப்பொறியில் கிடந்தோருள் மருந்தின்றி 28 நாளில் இறந்தோர் 41.4 விழுக்காடு, மருந்துண்டு இறந்தோர் 29.3 விழுக்காடு. எண்மர்க்கு அம்மருந்தை ஊட்டினால் ஓருயிர் மீளும் என்பது இதன் பொருள். உயிர்வளி மட்டும் பெற்றோரிடையிலும் இறப்பு 26.2 விழுக்காட்டினின்று 23.3 விழுக்காடாகக் குறைந்தது. பெருஞ்செல்வர்க்கே கிட்டும் அரிய பொருளன்று. சிற்றூர் மருந்துக் கடையிலும் கிட்டும் எளிய மருந்து!

அதே குலுக்கல், புகழோங்கி நின்ற மருந்துகளின் பொய்ம்மையையும் காட்டிற்று. நாட்டுத் தலைவர்களே புகழ்ந்துரைத்த ஐதராக்சிகுளோரோகுயினை உண்டோருள் இறந்தவர் 27 விழுக்காடு; உண்ணாதோருள் 25 விழுக்காடு. பயன் இல்லை! நோய் நீங்கியோர் குருதியினின்று எடுத்த குருதிநீரை நோயாளர்க்கு ஏற்றும் முறையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் ஆய்ந்தது. நோய் முற்றுவதையோ இறப்பையோ அது தடுக்கவில்லை என்னும் முடிவு 2020 அக்டோபரில் வெளிவந்தது. ஆயினும், 2021 மே திங்களில்தான் அது நாட்டின் மருத்துவ வழிகாட்டு நெறியினின்று நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், அது வேண்டி இரவும் பகலும் அலைந்த குடும்பங்கள் எத்தனை எத்தனை! முடிவு அச்சேறியது, மக்கள் செவிக்கு ஏறவில்லை.

பெருமக்களே! இவ்விடத்தில்தான் நெஞ்சை நிறுத்திக் கேட்கவேண்டிய செய்தி ஒன்று உள்ளது. தெக்சாமெத்தாசோன் ஆய்வில் மூன்றாவது பிரிவினர் ஒருவர் இருந்தனர். அவர் உயிர்வளி தேவைப்படாதோர். அவருள் மருந்துண்டு இறந்தவர் 17.8 விழுக்காடு, உண்ணாது இறந்தவர் 14 விழுக்காடு. அதாவது, அவர்க்கு அம்மருந்தால் நன்மை இல்லை. தீங்கு நேரக்கூடும் என்பதற்கான குறியும் உண்டு. இதற்குக் கரணியம் என்னை? நோயின் தொடக்க நாள்களில் நச்சுயிரியை எதிர்த்துப் போரிடுவது உடலின் காப்புப்படை. பின்னாளில் அப்படையே வரம்பு கடந்து நுரையீரலை அழிக்கத் தலைப்படுகிறது. வரம்பு கடந்த படையை அடக்குவது அறிவு. போர் தொடங்குமுன்னரே தன் படையின் கையைக் கட்டுவது அறியாமை.

‘உயிர்வளி தேவைப்படுவோர்க்கு மட்டும்’ என்னும் ஒரு தொடரே அம்மருந்தின் உயிர். 2021-இல் இரண்டாம் அலை இந்தியாவில் எழுந்தபோது மருந்தின் பெயர் ஊரெங்கும் பரவியது. அவ்வொரு தொடர் பரவவில்லை. காய்ச்சல் கண்ட முதல் நாளே அதனை வாங்கி உண்டோர் பலர். உயிர்வளி அளவைப் பார்த்தாரில்லை; நீரிழிவு உண்டா என்று நோக்கினாரில்லை. அம்மருந்தோ குருதியில் சருக்கரையை ஏற்றுவது, காப்புப்படையைத் தளர்த்துவது. அத்தளர்ச்சியில் கரும்பூஞ்சை நோய் புகுந்தது. மூக்கையும் கண்ணையும் மூளையையும் அரித்தது. கண்ணைத் தோண்டி எடுத்து உயிரைக் காக்கவேண்டிய கொடுமை நேர்ந்தது. தமிழ்நாட்டரசு 2021 மே திங்களில் அதனை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது. அவ்வாண்டு சூன் இறுதிக்குள் இந்தியாவில் அந்நோயுற்றோர் 40,000-க்கும் மேற்பட்டனர் என நடுவணரசு கணக்கிட்டது. அவருள் பாதிக்கு மேற்பட்டோர் இசுடீராய்டு மருந்து உண்டவர். பத்தில் அறுவர்க்கு மேல் நீரிழிவு உடையவர். ஓருயிரை மீட்கும் அதே மருந்து, அளவும் காலமும் தவறியபோது மற்றோருயிர்க்கு வாயில் திறந்தது!

குற்றம் யாருடையது? மருந்தினுடையதன்று, ஆய்வினுடையதும் அன்று. வள்ளுவர் வகுத்த நான்காம் கூறாகிய அருகிருப்பவனை அறிவுலகம் மறந்தது. அவன் யார்? தாயின் கட்டிலருகே அமர்ந்த மகன்; கணவனுக்குக் குளிகை எடுத்துக் கொடுக்கும் மனைவி; இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலி. அவர்களுக்குத் தெரிந்த மொழி தமிழ். குளிகை அட்டையில் அச்சிட்ட மொழி ஆங்கிலம், மருந்துச்சீட்டு ஆங்கிலம், வழிகாட்டு நெறி ஆங்கிலம். பெயர் மட்டும் செவிவழி வந்தது. வரையறை ஏட்டிலேயே கிடந்தது. ‘தமிழில் அறிவியல் வேண்டும்’ என்பது புலவர்தம் பொழுதுபோக்கு என நகைப்போர் கரும்பூஞ்சை தின்ற கண்களை எண்ணிப் பார்க்கட்டும்! தாய்மொழி மருத்துவம் மொழிப்பற்றின் பாற்பட்டது மட்டுமன்று, உயிர்க்காப்பின் பாற்பட்டது.

இது முடியாத செயலும் அன்று. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிரீன், மானிப்பாயில் தாம் தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். கடல் கடந்து வந்த அயலார்க்கு இயன்றது, இம்மண்ணில் பிறந்து பட்டம் பெற்றோர்க்கு இயலாதா?

ஆயினும், சொல்லை மட்டும் தமிழாக்கினால் போதாது. ஆயும் நேர்மையையும் தமிழர் தமதாக்கவேண்டும். 2020-இல் தமிழ்நாட்டில் கபசுரக் குடிநீர் பரவலாக வழங்கப்பட்டது. அது தமிழ் மருத்துவம் என்பதனாலேயே அதனைப் புகழ்வதும், தமிழ் மருத்துவம் என்பதனாலேயே அதனை இகழ்வதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். சொன்னவர் யார் என்று பாராது மெய்ம்மை யாது என்று காண்பதே வள்ளுவர் காட்டிய அறிவு. சித்த மருந்தும் பேரெண்ணிக்கையில், செப்பமான குலுக்கலில் நிற்கட்டும். பயன் உண்டெனில் உலகம் தலைவணங்கும். இல்லையெனில் மெய்யை ஏற்ற பெருமை தமிழர்க்கு எஞ்சும். ஆய்வுக்கு அஞ்சும் மருந்து மருந்தன்று. ஆய்வுக்கு அஞ்சும் பற்றும் பற்றன்று.

மாணாக்கர்காள்! அடுத்த கொள்ளைநோய் எந்நாள் வரும் என்று எவரும் அறியார். வாராதென்று உறுதி கூறவும் எவராலும் இயலாது. அது வருமுன் செய்யவேண்டுவன சில. மருத்துவம் பயில்வோர் தாம் அறிந்த ஒவ்வோர் ஆய்வு முடிவையும், யார்க்கு, எப்போது, எவ்வளவு என்னும் வரையறையோடு நல்ல தமிழில் எழுதுக. ஆசிரியர் சேத்துப்பட்டு ஆய்வின் வரலாற்றை வகுப்பறையில் உரைக்க. பொதுமக்கள் புதுமருந்து எதனைக் கேள்வியுற்றாலும், ‘குலுக்கிப் பார்த்தார்களா? எத்தனை பேரிடம்? யார்க்கு ஆகாது?’ என்னும் மூன்று வினாக்களைத் தயங்காது கேட்க. இவ்வினாக்கள் தமிழ்நாட்டின் ஒவ்வொரு நோய்ப்படுக்கையின் அருகிலும் தமிழில் எழவேண்டும். அவற்றுக்கு விடையும் தமிழிலேயே வரவேண்டும். அன்றுதான் வள்ளுவரின் நான்காம் கூறு நிறைவுறும்.

வாழ்க தமிழ்! வளர்க மெய்யறிவு!