பொறிக்குள் எத்தனை எழுத்து?

(சூலூரில் ஆற்றிய உரை)



‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? மூன்று என்பான் நம் முதல் வகுப்புச் சிறுவன். கணிப்பொறியோ ஐந்து என்கிறது! த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி எனத் தனித்தனியே எண்ணுகிறது. இணையத்தில் இவை ஒவ்வொன்றும் 3 பைட்டு, ஆக 15. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே போதும்.

1991-இல் ஒருங்குகுறி எழுந்தபோது, நாகரி முதலிய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவென 1988-இல் இந்தியாவில் வகுத்த வரிசையே நம் தலையிலும் ஏற்றப்பட்டது. 2010 சூன் திங்களில் கோவையில் செம்மொழி மாநாடு கூடிற்று. அத்திங்களிலேயே, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் தமிழ்நாட்டரசு ஏற்றது. ஆயினும் உலகப் பொறிகள் ஒருங்குகுறியிலேயே நிலைத்துவிட்டன. அதற்காக இன்னும் அழுதுகொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்றைய ஆய்வு, பேரளவு உரைகளை ஊட்டிப் பொறிக்கு மொழி பயிற்றுவதாகும். அடிக்கடி காணும் குறித்தொடரைப் பொறி ஒரே துண்டாக்கிக்கொள்ளும். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் முழுத் துண்டாக நிற்க, தமிழ்ச்சொல் நொறுங்கிப் பல துண்டாகிறது. துண்டின் எண்ணிக்கைக்கே கட்டணமும்!

‘பாலாறு’ என்பதைப் பால், ஆறு எனப் பிரிப்பான் மாணாக்கன். பொறியின் குறிகளிலோ ‘ல்’ இல்லை, ‘ஆ’வும் இல்லை. லகரமும் கால்குறியுமே உள. ‘லா’வை மெய்யும் உயிருமாகப் பிரித்த பின்னரே புணர்ச்சி நூற்பா அங்கே செல்லும். அப்பிரிப்பு தொல்காப்பியர் கண்டதே. அதனை நிரலாக்க, இலக்கணமும் கணிப்பொறியும் ஒருங்கறிந்தவர் வேண்டும். கோவைக் கல்லூரிகளில் மென்பொருள் பயிலும் நம் பிள்ளைகளுக்கு நன்னூலைச் சொன்னவர் யார்? நானும் சொல்லவில்லை.

வரும் ஞாயிறு மாலை முதல் என் வீட்டுத் திண்ணையில் மெய்யீற்றுப் புணரியல் நடத்துகிறேன். அப்பிள்ளைகளை அனுப்புங்கள். பொறியை அவர்கள் எனக்குக் கற்பிக்கட்டும்.