கடன் மதிப்பெண் பல. வங்கி பார்ப்பது எதை?
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வீட்டுக் கடனுக்கோ கார் கடனுக்கோ மனுச் செய்து, வங்கி கைவிரித்துவிட்டால் நம்மவர்கள் உடனே சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "என் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்கள்!" அதற்குப் பிறகு நடப்பதுதான் வேதனை. பெயரைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் இடைத்தரகரிடம் சிலர் பணத்தைக் கொடுக்கிறார்கள். அதுவும் கைகூடாதபோது ஆலோங்கைத் தேடிப் போகிறார்கள். ஒரு தவறான எண்ணம் ஒரு குடும்பத்தையே வட்டி முதலைகளின் வாயில் தள்ளிவிடுகிறது. ஆகவே, இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் சிசிரிஸ். இது பேங்க் நெகாராவின் கடன் தகவல் முறை. 2001ஆம் ஆண்டு முதல் நடப்பில் இருக்கிறது. வங்கிகளும் மற்ற நிதி நிறுவனங்களும் உங்கள் கடன் விவரங்களை இதற்கு அனுப்புகின்றன. பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனும் இதில் இடம்பெறுகிறது. சிசிரிஸ் யாருக்கும் மதிப்பெண் போடுவதில்லை. இவருக்குக் கடன் கொடு, அவருக்குக் கொடுக்காதே என்று சொல்வதும் இல்லை. அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லவே இல்லை.

அதில் இருப்பது கடந்த 12 மாதங்களின் கட்டங்கள். '0' என்றால் நிலுவை இல்லை. '1' என்றால் ஒரு மாத நிலுவை. '2' என்றால் இரண்டு மாத நிலுவை. பள்ளிப் பரீட்சையில் பூஜ்யம் வாங்கினால் அவமானம்; இங்கே பூஜ்யம்தான் பெருமை!

அடுத்து, தனியார் நிறுவனங்கள். 1990இல் தொடங்கிய சிடோஸ், முன்பு ராம் கிரெடிட் என்ற பெயரில் இருந்த எக்ஸ்பீரியன், 2008இல் தொடங்கிய கிரெடிட் பீரோ மலேசியா ஆகியவை நம் நாட்டில் பலர் அறிந்தவை. இவை 2010ஆம் ஆண்டின் கடன் தகவல் முகவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. மதிப்பெண் போடுபவை இவைதாம்.

அப்படியானால் ஒரே மனிதருக்கு ஏன் வெவ்வேறு மதிப்பெண் வருகிறது? இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, தகவல் வரும் வழி. லோரி ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கார் தவணையை மாதம் தவறாமல் கட்டுகிறார். சிசிரிஸில் எல்லாம் பூஜ்யம். ஆனால், பழைய கைத்தொலைபேசிக் கட்டணம் 180 வெள்ளியைக் கட்டாமல் விட்டுவிட்டார். அது சிசிரிஸில் வராது. அந்தத் தொலைபேசி நிறுவனம் தனியார் முகவை ஒன்றிடம் பதிந்திருந்தால் அங்கே தெரியும். நீதிமன்ற வழக்கு, திவால் நிலை, கம்பெனிப் பதிவு போன்ற விவரங்களையும் தனியார் முகவைகள் திரட்டுகின்றன. ஒரு முகவையிடம் இருக்கும் தகவல் இன்னொன்றிடம் இல்லாமல் போகலாம்.

இரண்டு, அளவுகோல். சிடோஸ் மதிப்பெண் 300 முதல் 850 வரை. அக்கரையில் சிங்கப்பூர் கிரெடிட் பீரோவின் மதிப்பெண்ணோ 1000 முதல் 2000 வரை. முழத்தில் அளந்ததையும் அடியில் அளந்ததையும் ஒப்பிட்டு, எது நீளம் என்று கேட்கலாமா? அளவுகோல் ஒன்றாகவே இருந்தாலும், தாமதத்திற்கு எவ்வளவு குறைப்பது, கடன் அட்டை நிரம்பி வழிவதற்கு எவ்வளவு குறைப்பது என்ற கணக்கு நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும்.

மூன்று, நாள். நேற்று நீங்கள் கட்டிய பணம் இன்றே எல்லா இடத்திலும் பதிவாகிவிடாது. இந்த மாதம் எடுத்த அறிக்கையும் அடுத்த மாதம் எடுப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சரி, வங்கி எந்த மதிப்பெண்ணைப் பார்க்கிறது? வங்கி ஒரே ஒரு மதிப்பெண்ணை நம்பி முடிவு செய்வதில்லை. சிசிரிஸ் பதிவைப் பார்க்கிறது. தனியார் முகவையின் அறிக்கையைப் பார்க்கிறது. பிறகு எல்லாவற்றையும் தன் சொந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கிறது. அந்தச் சொந்தக் கணக்கு உங்கள் கண்ணில் படாது. ஒரு வங்கி மறுத்ததை மற்றொரு வங்கி ஏற்பது இதனால்தான்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 2012 முதல் நடப்புக்கு வந்த பேங்க் நெகாராவின் பொறுப்பான கடன் வழிகாட்டியின்படி, திருப்பிக் கட்டும் சக்தி உங்களுக்கு உண்டா என்பதை வங்கி ஆராய வேண்டும். பிடித்தங்கள் போகக் கையில் வருவது 3,000 வெள்ளி. ஏற்கெனவே தவணைகள் 1,500 வெள்ளி. புதிய வீட்டுக்கு மாதம் 900 வெள்ளி. மீதி 600 வெள்ளியில் குடும்பம் நடத்த முடியுமா? இங்கே மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் உதவாது. பலரின் மனு இங்கேதான் விழுகிறது; பழியோ கறுப்புப் பட்டியல்மேல் விழுகிறது.

கடனே வாங்காதவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. கடன் இல்லாத கஞ்சி கால் வயிறு என்று வாழ்ந்தவர்கள் நம் பெரியவர்கள். அது நல்ல குணம்தான். ஆனால், எல்லாவற்றையும் ரொக்கத்தில் வாங்கியவரைப் பற்றி வங்கிக்கு எதுவும் தெரியாது. பதிவே இல்லாதவருக்கு மதிப்பெண் போட முடிவதில்லை.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன?

மனுச் செய்வதற்கு முன்பே சிசிரிஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இசிசிரிஸ் இணையச் சேவையில் இது இலவசம். தனியார் முகவையின் அறிக்கை ஒன்றையும் பாருங்கள். சிசிரிஸில் தவறு இருந்தால் தகவல் கொடுத்த வங்கியிடம் எழுத்து மூலம் திருத்தம் கேளுங்கள். தனியார் அறிக்கையில் தவறு என்றால் அந்த முகவையிடம் கேளுங்கள். பழைய நிலுவையைக் கட்டியிருந்தால், கட்டி முடித்ததற்கான கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஒரே வாரத்தில் ஐந்து வங்கிகளுக்கு மனுப் போடாதீர்கள்; முடிவாகாத மனுக்கள் மற்ற வங்கிகளுக்கும் தெரியும்.

உண்மையான பதிவை எந்தத் தரகராலும் அழிக்க முடியாது. ஆனால், நிலுவையைக் கட்டித் தீர்த்து, தொடர்ந்து ஒழுங்காகக் கட்டி வந்தால் மாதம் ஒரு கட்டமாகப் பழையது நகர்ந்து, 12 மாதத்தில் அந்தக் கட்டங்கள் சுத்தமாகிவிடும். இதற்கு ஒரு காசு செலவில்லை. கட்டவே முடியாத நிலை என்றால், 2006இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே இருக்கிறது. அங்கே ஆலோசனை இலவசம். அங்கே போவதற்கு வெட்கப்படுபவர்கள் ஆலோங் வீட்டு வாசலில் நிற்பதற்கு அல்லவா வெட்கப்பட வேண்டும்!

மதிப்பெண் என்பது நம்மைப் பற்றி மற்றவர் போடும் கணக்கு. மாதத் தவணை என்பது நம் கையில் இருக்கும் கணக்கு. நம் கையில் இருப்பதைச் சரியாக வைத்துக்கொண்டால் மற்ற கணக்குகள் தாமாகவே சரியாகும்.