வெயிலும் உப்பும் நல்ல தண்ணீரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சீனக் கடற்கரையில் சிப்பி வளர்ப்பதையும் அதை வெயிலில் காயவைப்பதையும் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் விழாக்குழு நண்பர் ஒருவர், "ஏனுங்க, கடலே இல்லாத கோயமுத்தூர்ல சிப்பியைப் பத்தி என்னங்க பேச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். கடற்கரைக்காரனுக்குப் பச்சை மீன் இருக்கிறது. கருவாட்டின் அருமை தெரிந்தவன் உள்நாட்டுக்காரன்தான். நம்ம சந்தைகளில் கருவாட்டுக் கடைக்கென்று ஒரு வரிசை உண்டு. களிக்கும் கம்மங்கூழுக்கும் நெத்திலிக் கருவாடு தொட்டுக்கொண்ட தலைமுறை இந்த அரங்கில் பாதிப்பேர். உப்புக்கண்டம், மோர் மிளகாய், சுண்டை வத்தல், வடகம் என்று வெயிலைச் சமையற்கட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் நம் பாட்டிமார்கள். ஆகவே காயவைப்பது என்ற கலை நமக்கு அந்நியம் அல்ல.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிப்பி என்றதும் முத்து என்று நினைப்போம். முத்துச்சிப்பி வேறு, உணவுச் சிப்பி வேறு. இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். உணவுச் சிப்பி ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில், உப்பும் நன்னீரும் கலந்த இடத்தில் வளர்வது. அதற்கு நாம் தீனி போட வேண்டியதில்லை. தண்ணீரை உள்ளே இழுத்து, வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்ப் பாசிகளைத் தின்று வளர்கிறது. ஒட்டிக்கொள்ள ஓர் இடம் மட்டும் கொடுத்தால் போதும்.

சீனர்கள் கண்டுகொண்டது இதைத்தான். தெற்குச் சீனத்தில் சுங் அரச மரபின் காலத்திலேயே, அதாவது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கழிமுகச் சேற்றில் மூங்கிலும் கல்லும் நட்டுச் சிப்பி வளர்த்தார்கள். ஃபூஜியன் மாகாணத்தில் சுவான்சோ என்ற துறைமுக நகரம். அங்கே 1053 முதல் 1059 வரை லுவோயாங் பாலத்தைக் கட்டினார்கள். அலை அடிக்கும் இடத்தில் அடித்தளக் கற்கள் நகர்ந்துவிடாமல் இருக்க, அவற்றின் மேல் சிப்பிகளை வளரவிட்டார்கள். சிப்பி கல்லைக் கல்லோடு ஒட்டிவைத்தது. சிமெண்டுக்குப் பதில் உயிருள்ள பசை! அதே சுவான்சோவில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே நம்மவர் சிவன் கோயில் எழுப்பிய செய்தி அதில் இருக்கிறது. அந்தப் பாலத்தின் மேல் தமிழ் வணிகர்களும் நடந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்கு ஆசை.

இனி காயவைக்கும் முறை. குவாங்டோங் மாகாணத்தில் முத்து ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஷாஜிங், ஹாங்காங்கின் லாவ் ஃபாவ் ஷான் ஆகிய இடங்கள் இதற்குப் பேர்போனவை. குளிர்காலத்தில் சிப்பி நன்றாகச் சதைபிடித்திருக்கும். வடக்கிலிருந்து ஈரமில்லாத காற்று வீசும். அப்போது ஓட்டை உடைத்து, சதையை எடுத்து, மூங்கில் தட்டிகளில் பரப்புவார்கள். பச்சையாகவே காயவைப்பது ஒரு வகை. வேகவைத்துக் காயவைப்பது இன்னொரு வகை. ஓரிரு நாளில் அரைகுறையாகக் காய்ந்ததையே விரும்பிச் சாப்பிடுபவர்களும் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது, வெயில் மட்டும் போதாது. ஈரக்காற்றில் எவ்வளவு வெயில் அடித்தாலும் சதை உலர்வதற்குள் கெட்டுவிடும். காய்ந்த காற்றுதான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது. "காத்து நல்லா இருக்குது, வடகம் போட்டுரலாம்" என்று நம்ம வீட்டில் சொல்வார்களே, அதே கணக்குதான்.

காய்ந்த சிப்பிக்குக் கான்டனீஸ் மொழியில் 'ஹோ சி' என்று பெயர். நல்ல வியாபாரம் என்பதற்கான சொல்லும் ஏறக்குறைய அதே ஒலிதான். ஆகையால் சீனப் புத்தாண்டு விருந்தில் வணிகர் வீடுகளில் இது கட்டாயம் உண்டு. ஒரு சொல்லின் ஒலி ஒரு பண்டத்தை நூற்றாண்டுகளாக விலைபோக வைத்திருக்கிறது!

நம் பக்கம் என்ன நடந்தது? 1910ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஜேம்ஸ் ஹார்னெல் பழவேற்காடு ஏரியில் சிப்பி வளர்ப்பைச் சோதித்துப் பார்த்தார். 1970களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் இதை முறையாக எடுத்துக்கொண்டது. சுண்ணாம்பு பூசிய கூரை ஓடுகளைக் கழிமுகத்தில் வைத்தால் சிப்பிக் குஞ்சுகள் வந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் தட்டுகளில் மாற்றி, கம்பச் சட்டங்களின் மேல் வளர்ப்பார்கள். ஏறக்குறைய ஓராண்டில் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் வந்துவிடும். பின்னர் 1990களில் கேரளத்தின் அஷ்டமுடி ஏரியில் இந்தத் தொழில்நுட்பம் மக்களிடம் போய், பெண்கள் குழுக்கள் அதை எடுத்துச் செய்தன. தமிழ்நாட்டில் அந்த அளவுக்குப் பரவவில்லை. நம் ஆராய்ச்சியாளர்கள் வளர்க்கும் வித்தையைக் கொடுத்தார்கள். ஆனால் வாங்கிச் சாப்பிடும் பழக்கமும் வாங்கி விற்கும் சந்தையும் கூடவே வரவில்லை. நூறு கிலோ சிப்பியில் எட்டு முதல் பத்து கிலோதான் சதை. மீதி ஓட்டுக்கும் விலை இருந்தால்தான் தொழில் கட்டும். சுண்ணாம்புக்கு அது ஆகும். முட்டைக்கோழித் தீவனத்துக்கும் ஆகும். நாமக்கல்லை வைத்திருக்கும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். ஷாஜிங் இருப்பது ஷென்சென் நகரத்தில். 1980இல் ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. ஆலைகள் வந்தன, பணம் வந்தது, கழிவும் வந்தது. கடற்கரையை நிரப்பி நிலமாக்கினார்கள். சிப்பி வளர்ப்பவர்கள் வேறு வழியில்லாமல் தைஷான் போன்ற தூரத்துக் கடற்கரைகளுக்குப் பண்ணைகளை மாற்றினார்கள். 'ஷாஜிங் சிப்பி' என்ற பெயர் நிலைத்தது, ஷாஜிங் தண்ணீர் நிலைக்கவில்லை.

கேட்கும்போது எங்கோ கேட்ட கதை மாதிரி இல்லைங்களா? நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரை வயலுக்கு விடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு தீவிரமானது. தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் படித்து முன்னேறிய குடும்பங்கள் இந்த அரங்கிலேயே இருக்கின்றன. ஆனால் நொய்யல் காவிரியில் கலக்கிறது, காவிரி கடலில் கலக்கிறது. நாம் இங்கே விடுவதைக் கடைசியில் யாரோ ஒருவர் வடிகட்டித்தான் ஆகவேண்டும். அந்த 'யாரோ' பல இடங்களில் சிப்பிதான்.

தண்ணீரில் கிருமி இருந்தால் சிப்பியைச் சுத்தமான நீரில் ஒரு நாள் விட்டுப் பெரும்பாலும் கழுவிவிடலாம். அதற்கு முறை இருக்கிறது. ஈயமும் காட்மியமும் ஏறிவிட்டால் அந்த வழி பலிக்காது. காயவைத்தால் சதையிலுள்ள தண்ணீர் போகும், ஈயம் போகாது. எடை குறையக் குறைய அதன் அளவு கூடித்தான் தெரியும். ஆயிரம் ஆண்டுக் கைத்திறமையும் கெட்ட தண்ணீருக்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேதியியல் படிக்கும் தம்பிகள் நொய்யல் நீரைக் கோடையில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறை சோதித்து எழுதிவையுங்கள். விலங்கியல் மாணவிகள் அதில் என்ன உயிர் வாழ்கிறது என்று பட்டியல் எடுங்கள். ஒரு வருஷத்துக் கணக்கு பேசாது, பத்து வருஷத்துக் கணக்கு பேசும். அடுத்தடுத்த வகுப்புகள் அதைத் தொடரட்டும். பழைய மாணவர்களாகிய நாங்கள் அதற்கு வேண்டிய கருவிகளை வாங்கிக் கொடுக்கலாம். கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்துப் பெயர் பொறிப்பதை விட இது நெடுநாள் நிற்கும் என்பது என் எண்ணம்.

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. இன்றைய பந்தியில் கருவாடு இல்லை என்று கேள்விப்பட்டேன், அடுத்த ஆண்டு விழாக்குழு கவனிக்கட்டும்.